நீலாம்பாளுக்கு ஒரு சான்றிதழ்

புருஷனோடு வாழாமல் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்த பெண்ணைச் சொல்வதற்குக் காஞ்சிபுரத்தில் வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. முகத்துக்கு நேரே ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. குழாயடியில் வாழாவெட்டி. கல்யாண வீட்டுப் பந்தியில், கொஞ்சம் நாசூக்குத் தெரிந்தவர்கள் வாயில், ‘தனியாத்தான் இருக்குது, பாவம்.’ சண்டை என்று வந்துவிட்டால் ‘அத்துக்கினு வந்தவ.’ ரேஷன் கடைக்காரர் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். அட்டையைப் புரட்டி, குடும்பத் தலைவி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ‘ம்’ என்பார். மற்ற எல்லா வார்த்தையும் அந்த ‘ம்’முக்குள் அடக்கம்.

நீலாம்பாள் பதினேழு வருஷமாக இத்தனையும் கேட்டாகிவிட்டது. ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா என்று தன் பாட்டுக்குத் தறிக் குழியில் காலை விட்டு, குறுக்கு நூல் கொண்டு ஓடும் நாடாவை ஓட்டிக்கொண்டிருப்பாள். சர்வதீர்த்தக் குளத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் நாற்பது தறி ஓடுகிறது. அதில் பெண் ஒருத்தி தனியாக வைத்து ஓட்டுகிற தறி அது ஒன்றுதான். அவள் நெய்த கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேருகிற இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாலும் மேடு பள்ளம் தெரியாது. கடைக்காரர்கள் சேலையை விரித்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் தடவுவார்கள். தடவிவிட்டு வாயைத் திறக்காமல் மடிப்பார்கள். பேசினால் கூலி ஏற்றிக் கேட்பாளே.

ஏசுகிற வார்த்தை எதுவும் அவளை அசைக்கவில்லை. கடைசியில் அசைத்தது அரசாங்கம் ரொம்ப மரியாதையாகச் சொன்ன ஒரு வார்த்தை.

விஷயம் வீட்டில் ஆரம்பித்தது. அவள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் இடித்துக் கடை கட்டப் போகிறார். தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மாடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். தறிக்காரிக்கு முடியுமா? தரை வீடு வேண்டும், தரையில் இடுப்பளவு குழி வேண்டும். அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஒரு வீட்டுக்காரர், “வாஷிங் மெஷின் வேணும்னா வெச்சுக்கம்மா, டைல்ஸ்ல கடப்பாரை படக்கூடாது” என்றார். அவளிடம் வாஷிங் மெஷின் இல்லை என்பது வேறு விஷயம்.

அதே தெருவில் வீரபத்திரனின் தறிக்கூடம் ஒன்று காலியாகக் கிடந்தது. மகன் ஒரகடத்துக் கார் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டதால் இரண்டாவது தறியைக் கழற்றிவிட்டார். குழி அப்படியே இருந்தது. வீரபத்திரன் தெருவில் பெரிய கை. நீலாம்பாளின் புருஷனுக்குப் பங்காளி முறை. போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “புதுசா மருமவ வந்திருக்குதும்மா. காலைல எழுந்து மொதமொதல்ல முழிக்கிற மொகம்னு ஒண்ணு இருக்குது பாரு. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார்.

“எடுத்துக்கல” என்று சொல்லிவிட்டு வந்தாள். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

அந்தச் சமயத்தில்தான் அவள் மகள் சங்கரி செல்போனும் கையுமாக வந்தாள். சங்கரி ஏனாத்தூரில் பி.சி.ஏ. மூன்றாம் வருஷம் படிக்கிறவள். நெசவாளர்களுக்குத் தறிக்கூடத்தோடு வீடு கட்டித் தருகிறார்களாம், ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கியாகிவிட்டதாம். பட்டியல் பெரிசு. ஆனால் ஒரே ஒரு சான்றிதழ் இருந்தால் பட்டியலில் முன்னால் போய்விடலாம்.

“இன்னா சர்டிபிகேட்டு?” என்று நாடாவை நிறுத்தாமல் கேட்டாள் நீலாம்பாள்.

சங்கரி போனைப் பார்த்துப் படித்தாள். “கணவரால் கைவிடப்பட்டவர் சான்றிதழ்.”

நாடா நின்றது.

“யாரு யாரைக் கைவிட்டது?”

“அம்மா, அது சும்மா ஒரு கேட்டகரிம்மா. டைவர்ஸ்னு போட்டா கோர்ட் ஆர்டர் கேப்பாங்க, நம்மகிட்ட இல்ல. மேரீட்னு போட்டா ஹஸ்பெண்டு ஆதார் கேப்பாங்க. இது ஒண்ணுதான் நமக்கு செட் ஆவுது.”

“எனக்கு செட் ஆவல.”

“அப்ப நீயே சொல்லு. அப்பா நம்மள விட்டுட்டாரா இல்லியா?”

அந்தக் கேள்விக்குப் பதினேழு வருஷமாக நீலாம்பாள் யாரிடமும், பெற்ற பெண்ணிடம்கூட, பதில் சொன்னதில்லை. ‘வுட்டுட்டான்’ என்று ஊர் முடிவு கட்டியபோது ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. சங்கரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மனுவைப் போட்டுவிட்டாள். விசாரணைக்குத் தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. நேரில் வருவார், தெருவில் நாலு பேரைக் கேட்பார், கடைசியில் அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள்.

அடுத்த பத்து நாளும் சங்கரி தெருவையே பரீட்சைக்குத் தயார் செய்தாள். யார் கேட்டாலும் ‘கைவிட்டுட்டார்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு வார்த்தை வரக்கூடாது, கதை சொல்லக்கூடாது. எதிர் வீட்டு மணியம்மாளுக்கு மட்டும் மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள். மணியம்மாள் தறிக்குத் தறி போய்ப் பாவு நூல் பிணைக்கிறவள். நீலாம்பாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுப்பதும் அவள்தான். கோர்வைச் சேலைக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டுமே. கை எப்படி ஓடுமோ அதைவிட வேகமாக வாய் ஓடும்.

ஆர்.ஐ. வியாழக்கிழமை மத்தியானம் பைக்கில் வந்தார். பெயர் கலைவாணன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மாகறல்காரர், விவசாயக் குடும்பம். “அக்கா, நான் இங்கயே உக்காந்துக்கறேன்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் சிலர், வேலையே இல்லாமல் வந்தவர்கள் பலர். நீலாம்பாள் குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

முதலில் மணியம்மாள்.

“இவங்களை இவங்க வீட்டுக்காரர் கைவிட்டுட்டாரா ஆயா?”

“ஆமா சார், தள்ளி வெச்சுட்டான், பாவி.”

பின்னால் நின்ற சங்கரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“எவ்வளவு நாளாச்சு?”

“அதாச்சு பதினேழு வருசம். அன்னிலேர்ந்து ஒருத்தர் தயவுல நின்னதில்ல சார் இவ. ஒரு வாய்ச் சோறு யார் ஊட்லயும் கை நனைச்சதில்ல. பொண்ண எப்டிப் படிக்க வெச்சிருக்கா பாருங்க. இவ நெசவு மாதிரி இந்த ஊர்ல ஆம்பளைங்களே நெய்ய முடியாது. இவளப் போயி எவன் சார் கைவிடுவான்?”

ஆர்.ஐ.யின் பேனா நின்றது. “அப்ப கைவிடலையா?”

“வுட்டான் சார், வுட்டான். நீங்க எழுதிக்குங்க.”

அடுத்தவர் ‘அத்து வுட்டாச்சு சார், எப்பவோ’ என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண், ‘அதெல்லாம் இல்ல, கோச்சுக்கினு பொறந்த ஊட்டுக்கு வந்துருச்சு, அப்பால அவரு வந்து கூப்புடவே இல்ல’ என்றாள். இன்னொருத்தி பேச்சுவாக்கில் ‘வாழாவெட்டி’ என்று ஆரம்பித்து, உள்ளே நீலாம்பாள் இருப்பது நினைவு வந்து பாதியில் விழுங்கினாள். நாலு பேரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். கலைவாணன் பாவம், எதை எழுதுவது என்று தெரியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வீரபத்திரன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “சார், அந்தக் குமாரவேலு எனக்குப் பங்காளி. அய்யம்பேட்டைல தறி வெச்சிருக்கான். ‘நான்தான் அவள வேணாம்னு வுட்டேன்’னு அவன் வாயாலயே சொல்லிக் கேட்டிருக்கேன். ஒரு தபா இல்ல, நூறு தபா. இதுக்கு மேல இன்னா சாட்சி?”

“இது போதுங்க” என்றார் கலைவாணன், நிம்மதியாக. “நான் நேத்தே அவர்கிட்டயும் போன்ல பேசிட்டேன். எழுதித் தரீங்களான்னு கேட்டேன். சந்தோஷமா தரேன்னாரு.”

உள்ளேயிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது. “சந்தோஷமாவா சொன்னாரு?”

“ஆமாக்கா. ‘நான்தான் சார் அவளைக் கைவிட்டேன், எங்க வேணா வந்து சொல்றேன், எத்தினி கையெழுத்து வேணா போடறேன்’னாரு. இந்த மாதிரி கேஸ்ல ஆம்பளைங்க யாரும் இவ்ளோ ஈஸியா ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு நல்ல நேரம்.” அவர் படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். “இங்க மட்டும் ஒண்ணு போட்டுடுங்க.”

நீலாம்பாள் குழியிலிருந்து எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சங்கரி ஓடிவந்து பேனாவைக் கையில் கொடுத்தாள். படிவத்தில் அச்சடித்திருந்ததை நீலாம்பாள் எழுத்துக் கூட்டாமல் சரளமாகவே படித்தாள். ‘என் கணவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றும், நான் ஆதரவின்றி வாழ்ந்து வருகிறேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’

தை பிறக்க எழுபது நாள் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் தறி தெருவில் நிற்கும் என்பதும் தெரியும். பேனாவை மூடி மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“நான் போட மாட்டேன் சார்.”

“அம்மா” என்றாள் சங்கரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஊரு சொல்றது வேற. நான் கையெழுத்துப் போடறது வேற. இத்தினி வருசம் அவங்கவங்க வாய்க்கு வந்தத சொன்னாங்க, நான் சும்மா இருந்தேன். பொய்யின்னு தெரிஞ்சு என் கையால எப்டி எழுதறது? அவரு என்னை வுடல. நான்தான் அவர வுட்டுட்டு வந்தேன்.”

வீரபத்திரன் லேசாகச் சிரித்தார். “ரோசத்துல பேசுதுங்க.”

நீலாம்பாள் அவர் பக்கம் திரும்பினாள். அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் ஆர்.ஐ.க்குச் சொன்ன மாதிரி இருந்தாலும் அவருக்குச் சொன்னது இல்லை. தெருவுக்குச் சொன்னது.

“எனக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசம் அவர் பக்கத்துல உக்காந்து கரை நாடா தள்ளினேன். குழியில எறங்கினதில்ல. அவருக்கு மஞ்சக் காமாலை வந்து ரெண்டு மாசம் படுத்துட்டாரு. தறி நின்னா சோறு ஏது? எறங்கி உக்காந்தேன். பாத்துப் பாத்துக் கத்துக்கினதுதான். ரெண்டு சேலை நெய்ஞ்சு அறுத்தேன். கடைக்காரர் வந்து தடவிப் பாத்துட்டு, ‘குமாரவேலு, உன் கையவிட இந்தக் கை இறுக்கமா இருக்குதுபா’ன்னாரு. கடைக்காரர் போனதும் அவரு தறியண்ட போனாரு. அச்சுல கோத்திருந்த நூல் அத்தினியும் உருவிப் போட்டாரு. விழுதுல இருந்ததையும் சேத்து. ‘இனிமே நீ எப்டி உக்கார்றேன்னு பாக்கறேன்’னாரு.”

கூட்டத்தில் யாரோ ‘அடப்பாவி’ என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

நெசவு தெரியாதவர்களுக்கு இது விளங்காது. நீள இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்துப் பிடிப்பது அச்சு, அவற்றை ஏற்றி இறக்குவது விழுது. சேலையை அறுத்து எடுத்த பிறகும் அச்சில் கோத்த பழைய நூலின் நுனிகளை நெசவுக்காரன் தொடமாட்டான், அப்படியே விட்டுவைப்பான். அடுத்த சேலைகளுக்கான நூலான புதுப் பாவு வந்ததும் அந்த ஒவ்வொரு நுனியோடும் புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துவிட்டால் தறி மறுபடி ஓடும். மணியம்மாளுக்குப் பிழைப்பே அதுதான். அந்த நுனியை உருவிவிட்டால் ஆயிரம் ஆயிரமான இழைகளை ஒவ்வொன்றாக அச்சிலும் விழுதிலும் புதிதாகக் கோக்க வேண்டும். குடிகாரன்கூட அதில் கை வைக்கமாட்டான். அப்பன் பிள்ளை சண்டையில் பாத்திரம் பறக்கும், பல் உடையும், அச்சு நூலை மட்டும் யாரும் தொட்டதில்லை.

கலைவாணனுக்கு அது புரியவில்லை. “நூலை உருவினதுக்கா அக்கா வீட்டுக்காரரை விட்டு வந்தீங்க? அடிச்சாரா, குடிச்சாரா, அப்படி ஏதாச்சும்...”

வீரபத்திரன்தான் பதில் சொன்னார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. “சார், உங்க ஊட்ல பயிர் வெக்கிறாங்கல்ல?”

“ஆமா.”

“உங்க அம்மா பத்திரமா கட்டி வெச்ச வெதநெல்லு மூட்டைல, உங்கப்பா வேணும்னே மண்ணெண்ணெய ஊத்தினா எப்டி இருக்கும்?”

கலைவாணன் பேனாவைக் கீழே வைத்தார்.

“இன்னும் இருக்குது” என்றாள் நீலாம்பாள். “அன்னிக்கே நான் கெளம்பல. ‘தறிய நாசம் பண்ணிட்டு ஓடிட்டா’ன்னு ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க. மூணு நாளு உக்காந்தேன். அத்தினி இழையும் நானே ஒண்ணொண்ணா கோத்தேன். அவரு தின்னுட்டு தின்னுட்டு வந்து பாத்துக்கினு நின்னாரு. நாலாம் நாள் காலைல மிதிச்சுப் பாத்தேன், ஒரு இழை தப்பல. தறிக்கு விபூதி வெச்சேன். பொண்ண இடுப்புல தூக்கினேன். வாசல்ல நின்னு, ‘போனா திரும்பி வரக் கூடாது’ன்னாரு. ‘வரமாட்டேன்’னேன். அவ்ளோதான் சார் எங்களுக்குள்ள பேச்சு. யாரு யார வுட்டதுன்னு நீங்களே எழுதிக்குங்க.”

“இதை ஏம்மா எங்க யாருகிட்டயும் சொல்லல?” என்று கேட்டார் வீரபத்திரன். அந்தக் குமாரவேலோடு எத்தனை விசேஷத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

“சொல்லியிருந்தா அவருக்கு எவன் பாவு குடுப்பான்? வுட்டுட்டு வந்துட்டேன், அத்தோட போச்சு. அவர் பொழப்பையும் கெடுக்கணுமா? அவரு வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருந்தா இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன். சந்தோஷமா கையெழுத்துப் போடறாராமே.”

கலைவாணன் பேனாவை மறுபடி எடுத்தார். அப்புறம், “அக்கா, நீங்க சொன்னதை அப்படியே எழுதினா சர்டிபிகேட் வராது. லிஸ்ட்லயும் பேர் பின்னால போயிடும்” என்றார். நல்ல மனுஷர், எச்சரித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தார்.

“தெரியும். அப்டியே எழுதுங்க.”

எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டினார். அதற்கு அடியில் நீலாம்பாள் தன் முழுப் பெயரையும் அழுத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு சங்கரி வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு போன கோபம் என்று நினைத்து நீலாம்பாள் பக்கத்தில் போகப் பயந்தாள். ஊருக்கெல்லாம் பதில் சொன்னவளுக்கு மகளிடம் போக மட்டும் கால் வரவில்லை.

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் சங்கரி, திரும்பாமலே.

“உங்கப்பன நீ வெறுக்கக் கூடாதுன்னுதான்.”

“நான் இன்னா நெனைச்சுக்கினு இருந்தேன் தெரியுமா? ஸ்கூல்ல, காலேஜ்ல எல்லாம்? அவருக்கு நான் வேணாம்னு போயிருச்சுன்னு. வேணாம்னு தூக்கிப் போட்ட பொண்ணு நானுன்னு.”

நீலாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் ரோஷத்துக்காகத் தான் மூடி வைத்த வாய், பெற்ற பெண்ணை இத்தனை வருஷம் இப்படி நினைக்க விட்டிருக்கிறது. அதற்காக மட்டும் அவள் மனம் நொந்தாள், மற்ற எதற்கும் இல்லை. மகள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீ அவரு வுட்ட பொண்ணு இல்லடி. நான் தூக்கிக்கினு வந்த பொண்ணு.”

சங்கரி அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மூணு நாளா கோத்தியா?” என்று கேட்டாள். “ஒரு இழைகூட தப்பலியா?”

“தப்பினா உங்கம்மாவா?”

விளக்கு வைக்கிற நேரத்தில் வீரபத்திரன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு சாவியை நீட்டினார். “கூடத்துல கெடந்த சாமானயெல்லாம் எடுத்துப் போட்டுட்டேன். குழிய மெழுகச் சொல்லியிருக்கேன். எப்ப வேணா வந்து தறிய மாட்டிக்க.”

“உங்க மருமவ காலைல என் மொகத்துல முழிக்குமே” என்றாள் நீலாம்பாள். விடுவாளா அவள்?

வீரபத்திரன் தரையைப் பார்த்தார். “முழிக்கட்டும். அதுக்கு நல்லதுதான்.”

“வாடகை ஊர்ல இன்னா போவுதோ அது குடுப்பேன். கொறைக்கக் கூடாது. அப்பறம், சாவிய நீங்க குடுத்தா ஆவாது. உங்க ஊட்டம்மாவும் மருமவளும் வந்து கூப்புடட்டும்.”

பங்காளிப் பெரியவர், தெருவில் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷர். சாவியை மடியில் திருப்பிக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் மாமியாரும் மருமகளும் தட்டில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லி எல்லாம் வைத்து, நடுவில் சாவியோடு வந்தார்கள். தெருவே பார்த்தது. நீலாம்பாள் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சாவியை எடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமிதத்தை மறைக்கவும் இல்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மார்கழி பிறந்து பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. சங்கரி உறையைக் கிழித்து, ஓரக் கண்ணால் பார்த்ததுமே முகத்தைச் சுருக்கினாள். “ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா.”

“படி.”

“எதுக்கும்மா, அதான் சொன்னேனே.”

“முழுசா படி.”

சங்கரி படித்தாள். “பொருள்: கணவரால் கைவிடப்பட்டவர் சான்றிதழ் கோரும் மனு தொடர்பாக. மனுதாரர் திருமதி நீலாம்பாள் தம் கணவரால் கைவிடப்பட்டவர் அல்லர் என்பதும், தம் சொந்த முடிவின் பேரில் கணவரை விட்டு விலகி வந்து, சொந்தத் தறியில் பட்டு நெசவு செய்து, எவர் ஆதரவையும் சாராமல் தம் மகளை வளர்த்துப் படிக்க வைத்து வருகிறார் என்பதும் கள விசாரணையில் உறுதியாகத் தெரிய வருகிறது. எனவே அன்னாரின் மனு நிராகரிக்கப்படுகிறது.” கீழே கையெழுத்து, முத்திரை, தேதி, கடித எண்.

“இன்னொரு தபா படி.”

சங்கரி இரண்டாம் முறை படிக்கும்போது நிறுத்தி நிறுத்தி, மெதுவாகப் படித்தாள். கரை நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்த மணியம்மாளும் கேட்டாள். “எவர் ஆதரவையும் சாராமல்னு கெவர்மென்டே எழுதியிருக்குதா?” என்று கேட்டு, எழுதியிருக்கிறது என்றதும், “பின்ன, உள்ளத எழுதித்தான ஆவணும்” என்றாள்.

அன்று சாயங்காலமே நீலாம்பாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் அந்தக் காகிதத்தை லாமினேஷன் போட்டு வாங்கி வந்தாள். கடைப் பையன், “ரிஜெக்ட் லெட்டரையா லாமினேட் பண்றீங்க?” என்று இரண்டு தரம் கேட்டானாம். ஓரம் சுருக்கமில்லாமல் போடச் சொன்னாள்.

தை முதல் வாரம் புதுக் கூடத்தில் தறி ஓட ஆரம்பித்தது. மாசியில் வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை நெய்யச் சொல்ல நேராகவே வந்தாள். நல்ல வசதியான குடும்பம், கழுத்தும் கையும் நிறைந்திருந்தது. நெய்துகொண்டிருந்த சேலையின் கரையைத் தடவிப் பார்த்தாள், மலைத்துப்போனாள். பிறகு அவள் கண் நீலாம்பாளின் கழுத்துக்குப் போனது, கூடம் முழுக்கச் சுற்றியது, ஆண்பிள்ளை செருப்பு எங்கேயும் இல்லை என்பதைப் பார்த்தது. கல்யாணக் காரியம் அல்லவா, கேட்காமல் இருக்க முடியுமா?

“உங்க ஊட்டுக்காரரு...” என்று இழுத்தாள்.

நீலாம்பாள் நாடாவை நிறுத்தவில்லை. மோவாயால் எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

“அங்க மாட்டியிருக்குது, படிச்சுக்கம்மா. படிச்சுட்டு அப்பறம் சொல்லு, கரை இன்னா கலருன்னு.”

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரண்டை போனாள். முத்திரை வரைக்கும் நின்று படித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“அரக்குக் கரை போடுங்கம்மா” என்றாள்.